முட்டி போட வைக்கும் வானம்

வானத்தை மடித்துச் சாக்கில் கட்டி, ஜீப்பின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரம் மார்க்கெட் வழியாகப் போன பெண்பிள்ளை உலகத்திலேயே ஒருத்திதான்: பிரம்மநாயகி அக்கா. அவள் சுவிட்சைத் தட்டினால் உச்சியில் நிற்கிற சூரியன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் பின்னால் போய்விடும். அவள் வந்து எழுப்புகிறவரை ஏழு ரிஷிகளும் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள்.

போகிற பள்ளிக்கூடத்திலெல்லாம் அவளுடைய உதவியாள் எஸ்றா இப்படித்தான் அளந்துவிடுவான். கணக்கில் இரண்டு தடவை பெயிலாகிப் பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு, பிள்ளைகளை வாய் பிளக்க வைப்பதில் ஒரு சந்தோஷம்.

உள்ளபடி அது ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். காற்று மெஷினைப் போட்டால் வகுப்பறை உயரத்துக்கு உப்பி நிற்கும். நடுவில் ஊசித்துளை போட்ட டப்பா, அதற்குள் ஒரு பல்பு. அவ்வளவுதான் வானம். உள்ளே போகத் துணிக்குழாய் மாதிரி ஒரு வழி உண்டு. கலெக்டரே வந்தாலும் முட்டி போட்டுத் தவழ்ந்துதான் போக வேண்டும். குழாயின் வாயை அகலத் தூக்கினால் காற்று வெளியேறி வானம் தலையில் தொங்கிவிடும். அந்த வாயில் காவல் இருப்பது எஸ்றாவின் வேலை.

அக்காவின் அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி. அவள் பிஎஸ்ஸி முடித்து, பள்ளிக்கூடங்களுக்குப் போய் நட்சத்திரம் காட்டுகிற, அறிவியல் மன்றத்துக்காரர்கள் கொடுத்த இந்த வேலையில் சேர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், "கூடாரம் போடுதாளா, சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டுக் காபியோடு நிறுத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அவள் கவலைப்படவில்லை. அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரே ஒரு ஆளுக்காக.

அந்த ஆள் தாணுமாலையன் சார். ஐந்தாம் வகுப்பில் அவரிடம், "பகல்ல நட்சத்திரமெல்லாம் எங்க சார் போகுது?" என்று கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். தன்னைக் கேலி செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "வெளிய போய் முட்டி போடு. மேல பாத்து நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு." மணி அடிக்கிறவரை மத்தியான வெயிலில், சரளைக்கல்லில் கிடந்தாள். முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது அவர் கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். இந்தக் கோடையோடு ரிட்டையர்டு.

"இன்னைக்கு விட்டா பிறகு கிடையாது லே," என்றாள் அக்கா, ஜீப்பை விட்டு இறங்கும்போது. "அந்த மனுசன் முட்டி போட்டுத் தவழணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"பைய இருங்கக்கா. தவழ வைக்குதேன்," என்றான் எஸ்றா.

ஆனால் பிள்ளைகளெல்லாம் உள்ளே போன பிறகும் சார் வராந்தா நாற்காலியை விட்டு அசையவில்லை. அக்கா உள்ளே பல்பைப் போட்டுவிட்டாள். எஸ்றா ஓடிப்போய் அவர் காதோரம் குனிந்தான்.

"சார், கல்வி ஆபீசர் அப்பமே உள்ள போயாச்சு. ஹெட்மாஸ்டர் எங்கன்னு கேக்காரு."

சார் பதறி எழுந்தார். துண்டை நேராகப் போட்டுக்கொண்டு குழாயின் முன் வந்து நின்றார். அப்போதுதான் எஸ்றா பார்த்தான். குனிவதற்காக அவர் வேட்டியைத் தூக்கியபோது இரண்டு முட்டியிலும் துணி சுற்றியிருந்தது. சுவரைப் பிடித்து மடக்கப் பார்த்தார், பாதிகூட மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"கொஞ்சம் பொறு தம்பி, போயிருதேன்," என்றார், ஆபீசரிடம் சொல்வதுபோலப் பணிவாக.

இந்தக் காட்சிக்காகத்தான் எஸ்றா வாரம் முழுக்கத் திட்டம் போட்டிருந்தான். சிரிப்பு வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. குழாயின் வாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். சார் அவன் தோளில் கையை ஊன்றி, குனிந்தபடி நடந்தே உள்ளே போனார்.

கூடாரத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "பகல்ல நட்சத்திரம் எங்கயும் போகலை பிள்ளைகளா. அங்கனயேதான் இருக்கு. வெயில்தான் மறைக்குது. இது தெரியாம கேட்டவளை முட்டி போட வச்ச ஆளும் உண்டு."

பிறகு இருட்டில் சாரின் குரல் வந்தது: "ஆபீசர் எங்க இருக்காரு?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு இருவரும் கூடாரத்தை மடித்தார்கள். துணி மேல் முட்டி போட்டு நகர்ந்து மிச்சக் காற்றைப் பிதுக்க வேண்டும்.

"இருட்டுல ஒண்ணும் தெரியலை லே," என்றாள் அக்கா. இத்தனை வருஷம் காத்திருந்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. "நீ பாத்தேல்லா? சொல்லு. தவழ்ந்தாரா?"

"தவழ்ந்தாராவா? பல்லி மாதிரிக்கா. வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். மூக்கு தரையில தேய்ஞ்சிட்டு. முட்டி உராயுத சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"அப்ப ஏழு ரிஷியும் ஏன் லே பிள்ளைக தலை மேல வந்து தொங்கினாங்க?"

"கரண்டு கம்மிக்கா."

"கரண்டு கம்மியானா மெஷின் சத்தம் இறங்கும். இறங்கலையே." அவள் முட்டியாலேயே நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தாள். அவன் தோளருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"சட்டையில என்ன லே முட்டிவலித் தைல வாசம்?"