தண்ணி காட்டிட்டு அழு

சுந்தரி அக்காவோடு குதிரையேறிய நம் எல்லோருக்கும் அந்தச் செய்தி ஒரே நேரத்தில்தான் வந்திருக்கும். பயணக் குழுவின் வாட்சப்பில் அவருடைய தம்பி இரண்டே வரி போட்டிருந்தார்: காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அப்போது விம்கோ நகரில் என் வீட்டு அடுப்பில் மகளுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் எழுத முடிகிறது.

நெட்டுக்குப்பத்து மீன்காரக் குடும்பத்துப் பெண், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆறு குதிரைகளை வைத்துக்கொண்டு ஆட்களை நான்கு நாள் காட்டுவழியில் கூட்டிப்போனார் என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். கிளம்புமுன் உங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் வருமே, அது அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து ஊர்க்காரியான நான் எழுதியது.

"ஜீன்ஸ் போட்டா தையலு தொடைய அறுத்துடும். தேங்காண்ணெ எடுத்தாரச் சொல்லு. எறக்கத்துல குதுரைய வுட்டு எறங்கி நடக்கணும், அதுக்கும் முட்டி கீது. ரெண்டாம் நாளு அழுவாங்க, அத்தயும் போடு."

நான், "இரண்டாம் நாள் சற்றுச் சோர்வு ஏற்படலாம்" என்று போட்டேன். படித்துக் காட்டியதும் சிரித்தார். "காலேஜ் படிச்சவ இல்ல? பொய்ய இன்னா டீஜென்டா எழுதற! ஒரு தபா நீயே வந்து பாரு."

மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஓர் இரவுகூட அவளைப் பிரிந்ததில்லை. மருந்து, அளவு, டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனேன். கணவர் அதைப் படித்துவிட்டு, "நான் அவளோட அப்பாதான்" என்றார்.

இரண்டாம் நாள் மதியம் தொடை எரிந்தது. அதைவிட மோசம், காலையிலிருந்து சிக்னல் இல்லை. கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்.

"இன்னாம்மா, குதுர மேல குந்திக்கினு டவர் தேடிக்கினு கீற?"

எல்லோரும் சிரிக்க, நான் உடைந்து அழுதேன். "பாப்பாக்கு ஜுரம் வந்திருந்தா? நான் திரும்பிப் போறேன்க்கா."

அக்கா என் குதிரையை ஓடைப்பக்கம் திருப்பினார். "அழு, யாரு வாணான்னா? ஆனா இவளும் காலைலேர்ந்து உன்ன சொமந்துகினு வர்றா. மொதல்ல தண்ணி காட்டு. காட்டிட்டு அழு."

இறங்கி நின்று, அது குடிக்கக் குடிக்கத் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்து நிமிர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் அழுகைதான் மிச்சமிருந்தது. அதையும் அழுதேன். திரும்பிப் போகவில்லை.

மறுநாள் சிக்னல் கிடைத்தது. மகள் என்னைக் கேட்கவே இல்லை. "குதுர எங்க?" என்றாள். "பாத்தியா, அவ தேட்றது உன்னிய இல்ல" என்று அக்கா ஊர் வந்து சேரும்வரை ஓட்டினார்.

வந்ததும் கடிதத்தைத் திருத்தினேன். பிறகு வந்தவர்கள் படித்தது அவர் வரிதான்: "இரண்டாம் நாள் அழுகை வரும். குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அழவும்."

அன்று செய்தியைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கஞ்சியை இறக்கி, ஆற்றி, மகளுக்குக் கடைசிக் கரண்டிவரை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அடுப்படியில் உட்கார்ந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வரிசையைத்தான்.