சாக்ஸுக்குள் வைத்துத் தைத்த ஸ்பாஞ்சு

பழைய மெத்தை ஸ்பாஞ்சை அரைத்து அழுத்தி, செருப்புக்கு உள்அட்டை செய்யும் விருதுநகர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிக்கிறார். மருந்து அறைக்குள் செருப்பு போகக் கூடாது. வெறுங்காலில் நின்று நின்று குதிகால் வலி. மிச்ச ஸ்பாஞ்சை வெட்டி, நைலான் சாக்ஸுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

“இது செருப்பா என்ன? போட்டுக்கோம்மா” என்றேன்.

மறுநாள் வேலையில் ஸ்பாஞ்சு ஷீட்டின் பாலித்தீனை உரித்தேன். தினமும் போலவே சடசடவென்று சத்தம் வந்து, கை முடி எழுந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது: அம்மா காலில் நைலானும் ஸ்பாஞ்சும் இப்படித்தான் உரசும். உரசினால் மின்சாரம் உண்டாகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். மருந்துக்கு ஒரு பொறி போதும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அம்மாவைக் கூப்பிட வழியில்லை. பைக்கை எடுத்தேன். வழியில் என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை.

மருந்து அறைக்கு வெளியே, செருப்புகளோடு அந்தச் சாக்ஸும் கிடந்தது. போர்மேன் என்னைப் பார்த்தார்.

“ஏலே, நீ குடுத்ததுதானா? வாசல்லயே கழட்ட வச்சேன். ‘எம்புள்ள படிச்சவன், தப்பா குடுப்பானா’ன்னு உங்கம்மா எம்புட்டுச் சண்டை போட்டாக தெரியுமா?”

எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. சாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

இப்போது யாராவது உள்அட்டை கேட்டால், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். அம்மா மட்டும், நான் எதைக் கொடுத்தாலும் இன்னும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார். அதனால் அவருக்கும் சேர்த்து அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.