நண்டின் நிஜப்பெயர்

அக்காள்மடத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த விசைப்படகு டிரைவருக்கு உப்புக்காற்றில் தடித்துப்போன முகம். போனில் ஒற்றைக் கட்டைவிரலால் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு வரி முடிந்தால், யாரையோ அறைவதுபோல் தன் தொடையில் ஓர் அடி.

என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாவலுண்ணே. நாலு பேர் முன்னாடி என்னைய மீன்திருடன்னு சொன்ன படகு ஓனரப் பத்தி. வருசக்கணக்கா மனசுக்குள்ளயே கெடந்துச்சு. போன தடைக்காலத்துல மீன்பிடிக்கப் போகாம சும்மாதான கெடந்தோம்? படகு கெளம்புறதுக்குள்ள முடிக்கணும்னு கெடு வச்சேன், முடிச்சுட்டேன். கெடு இல்லாட்டி வெறும் பொலம்பலாவே போயிருக்கும்."

"ஊரில் படித்தார்களா?"

"எல்லாரும் போன்ல படிச்சாய்ங்க. யாருப்பா இந்தப் பாவின்னு என்கிட்டயே கேக்குறாய்ங்க! ரேசன் கார்டுல உள்ள பேரப் போட்டுட்டேன். ஊருக்கு அவன் நண்டு. நெசப்பேரு எவனுக்கும் தெரியல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப அடுத்த தடைக்காலம் வந்துருச்சு. அதே கெடுதான், திரும்ப எழுதுறேன். மொத வரியிலயே நண்டுன்னு போட்டுட்டேன். கடைசி வரியில சாகுறான்."

தொடையில் அடி விழுந்தது. உச்சிப்புளியில் இறங்கிப் போனார்.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போன செய்தியைப் பின்னர் பேப்பரில் பார்த்தேன். கடைசி வரியில் நண்டு செத்திருப்பான் என்று நினைத்தபோது, முன்பின் பார்த்திராத எனக்கே நிம்மதியாக இருந்தது.