ஞானரட்ணத்தார் சிபாரிசு செய்த ஈரான் படம்

தென்லண்டன் சட்டனில் கத்தோலிக்கரின் தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கிற நேரத்தில் ஒரு குரல் மட்டும் தனியாக மேலெழுந்து கேட்குமானால் அது ஞானரட்ணத்தாருடையது. ஒக்டோபர் மாதமென்றால் சொல்லவே வேண்டாம். சாமியாருடைய பிரசங்கத்திலிருந்தாவது பிள்ளை அழுகிறதென்று சாட்டுச் சொல்லி வெளியே போகலாம். றோல்ஸ் கையில் இருக்கும்போது ஞானரட்ணத்தாரிடமிருந்து தப்ப வழியில்லை. லண்டன் திரைப்பட விழாவில் இந்த வருடம் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் குடும்பம் குலையும் என்று மனிதர் வகுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

உத்தியோகம் கவுன்சிலில். தெருத்தெருவாக நடந்து, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும் கார்களுக்குத் தண்டம் எழுதுவது. பங்கில் பாதிப்பேர் அவர் கையால் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோபத்திலாவது அவர் பேச்சை ஒதுக்கியிருக்கலாம், நமது சனம் அப்படிச் செய்யுமா? உரத்துச் சொல்லுகிறவன் சரியாகத்தான் சொல்லுவான் என்று நம்பியே பழகிய சனம்.

அவருக்கு இந்த ஞானம் வந்தது 2002ஆம் ஆண்டு, ஒரு மழையில். நூலகத்துக்குள் ஒதுங்கியபோது விழாவின் கையேடு இலவசமாகக் கிடைத்தது. வழுவழுப்பான தாள், வர்ணப் படங்கள். அடுத்த பூசைக்கு அதை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு போய் இரண்டு பந்தியை ஒப்புவித்தார். மண்டபத்தில் ஒருவரும் பிறநாட்டுப் படம் பார்த்ததில்லையாகையால் பிழை சொல்லவும் ஒருவருமில்லை. இரண்டாம் வருடம் ஒரு தமிழ் வானொலி கூப்பிட்டுப் பேசச் சொன்னது. பிறகென்ன, ஆளைப் பிடிக்க முடியுமா?

உண்மையைச் சொன்னால், அவர் விழாவில் பார்த்தது ஒரேயொரு ஹங்கேரிப் படத்தின் முதல் அரைமணித்தியாலம். ஒரு கிழவன் மழைக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்றான். பஸ் வரவில்லை. ஞானரட்ணத்தார் எழும்பி வந்து தன்னுடைய ரயிலைப் பிடித்துவிட்டார். அதன்பின் கையேடே போதுமென்று தீர்மானித்து, நாடுகளை வைத்துச் சட்டம் இயற்றினார். சுவீடன் படமென்றால் யாரோ சாவார்கள், அதுவும் ஆறுதலாகச் சாவார்கள். கொரியாக்காரனிடம் கத்தி இருக்கும். பிரெஞ்சுப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிவரும். ஈரான் படம்தான் தங்கம்: எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பார்கள், ஆணும் பெண்ணும் கையைக்கூடத் தொடமாட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு குடும்பத்தோடு போகலாம்.

சனம் போனது. கண்ணை மூடிக்கொண்டேதான் இருந்தது என்று கேள்வி.

2006 ஒக்டோபரில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. மகள் பிறேமினிக்கு இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். குட்மேய்ஸில் இருக்கும் மன்னார்க்காரர் சூசைதாசனுடைய மகன் கிருசாந்தன் பல் வைத்தியன். வேதம் ஒன்று, படிப்பு பொருத்தம், இரண்டு பக்கத் தாய்மாரும் தொலைபேசியில் கதைத்துச் சரிபார்த்தாயிற்று. இனிப் பொம்பிளை பார்க்க வேண்டும்.

லண்டனில் பொம்பிளை பார்ப்பது எப்படியென்று தெரியுந்தானே. பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்பதெல்லாம் அவமானம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டு குடும்பமும் ஒரு பொது இடத்தில் ‘தற்செயலாக’ச் சந்திக்கும். மூன்று கிழமை பேசி, நேரம் குறித்து, சேலை அயர்ன் பண்ணி, தற்செயலாகச் சந்திக்கும். வால்சிங்கம் மாதா திருநாளில் சந்தித்திருக்கலாம், அது யூலையோடு முடிந்துவிட்டது. சூசைதாசனோ வானொலியில் ஞானரட்ணத்தாரைத் தவறாமல் கேட்கிறவர். அண்ணை இவ்வளவு சொல்லுகிறார், இந்தமுறை அவர் காட்டுகிற படத்தையே பார்ப்போம், அங்கேயே பிள்ளைகளும் கண்டுகொள்ளட்டும் என்றார்.

ஞானரட்ணத்தாருக்கு வியர்த்தது. ஊரார் பிள்ளைகள் எந்தப் படத்துக்குப் போனால் அவருக்கென்ன? இது சொந்தப் பிள்ளையின் சம்பந்தம். திரையில் ஒருத்தி சட்டையைக் கழற்றினால் குட்மேய்ஸ்காரர் எழும்பிப் போய்விடுவார்கள், கலியாணமும் அவர்களோடு போகும். கையேட்டை ஒரு கிழமை உழுதார். இறுதிவாரத்தில் இரண்டு ஈரான் படங்கள் இருந்தன. இன்டர்நெட்டில் ரிக்கற் எடுக்க அவருக்குத் தெரியாது, மகளைக் கேட்டார். இரண்டிலும் எது பிள்ளை நல்லம் என்றும் கேட்டு, அவள் வாய் திறக்குமுன் ஈரானிய சினிமாவைப் பற்றிக் கால்மணித்தியாலம் விளக்கினார். விளக்கம் முடிந்ததும், சனிக்கிழமைப் படத்தையே எடுப்போம் என்று பிறேமினி சொன்னாள். அப்பன் சொல்லை ஏற்றுக்கொண்டாள் என்று அவருக்குப் பெருமை.

சனிக்கிழமை லெஸ்டர் ஸ்குவயரில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்தது. “அட, நீங்களுமோ?” என்று சூசைதாசன் அவ்வளவு இயல்பாகக் கேட்டதில் கிருசாந்தனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஞானரட்ணத்தார் வரிசையின் நடுவில், சம்பந்தியாகப் போகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவி மெற்றில்டா மற்றப் பக்கம். எழும்பி ஓட இடமில்லை, சுற்றியிருந்த வெள்ளைக்காரர் செபத்தில் இருப்பதுபோல இருந்தபடியால் கதைக்கவும் இடமில்லை.

படத்தில் ஒரு சிறு பட்டினம். ஒரு துணிக்கடைக்காரன். அவனுக்கு ஒரு மகள். அவள் ஏதோ சொல்ல வருகிறாள், அப்பன் துணி விலையைப் பற்றிப் பேசுகிறான். சாப்பாட்டில் சொல்ல வருகிறாள், அவன் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகிறார்கள், எல்லாருக்குமாக அவனே பேசுகிறான். இரண்டு மணித்தியாலமாக அந்தப் பெண் தொடங்கிய ஒரு வசனத்தை முடிக்கவேயில்லை. கடைசியில் தொடங்குவதையும் விட்டுவிட்டாள்.

முதல் அரைமணித்தியாலம் ஞானரட்ணத்தார் முக்காடுகளை மட்டும் கண்காணித்தார். ஒன்றும் விலகவில்லை, வெற்றி. அதற்குப் பிறகுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு படத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்க்கப் பார்க்க அந்தக் கடைக்காரனில் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொறுக்கமுடியாமல் சூசைதாசனின் காதுக்குள் குனிந்தார்.

“உந்த மனுசனுக்குக் காதில்லையோ? அந்தப் பிள்ளை என்னவோ சொல்லத் தெண்டிக்குதெல்லே!”

முன்வரிசைப் பெண்ணொருத்தி திரும்பி ‘உஷ்’ என்றாள். மெற்றில்டா றோல்ஸ் சுற்றிக்கொண்டுவந்த கடதாசியால் கண்ணைத் துடைத்தாள். பிறேமினி திரையைப் பார்க்கவில்லை, அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சூசைதாசன் ஞானரட்ணத்தாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அருமையான தெரிவு, எங்களுக்கு எல்லாம் பிடித்துக்கொண்டது, அடுத்த கிழமை முறைப்படி வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார். ஞானரட்ணத்தாருக்குக் கால் நிலத்தில் படவில்லை. வானொலியில் இதை எப்படிச் சொல்லலாம் என்று அங்கேயே தொடங்கிவிட்டார்.

“அப்பா, நான் இந்தப் படத்தை விழாவிலை செவ்வாய்க்கிழமையே, நீங்கள் ரிக்கற் கேக்க முந்தி, பாத்திட்டன்,” என்றாள் பிறேமினி.

பாத்த படத்துக்கு ஏன் பிள்ளை பிறகும் ரிக்கற் எடுத்தாய் என்று அவர் கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார், பாவி மனிதர்.

“ஒரு வருசமா உங்களுக்கு ஒரு விசயம் சொல்லத் தெண்டிக்கிறன் அப்பா. வீட்டிலை ஏலாது, காருக்குள்ளை ஏலாது, கோயிலிலை ஏலாது. நீங்கள் இரண்டு மணித்தியாலம் கதைக்காமல் இருக்கிற இடம் வேறை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை.” அப்பன் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். “செவ்வாய்க்கிழமை ஒருதரோடை பாத்தனான். என்னோடை படிச்சவர். ஆரணன் எண்டு பேர், நோர்பரி.”

அந்தக் கடைக்காரனின் முகம் ஞானரட்ணத்தாருக்கு முன்னால் வந்து நின்றது. ஆனாலும் வாய் பழகிய வாய்.

“நோர்பரியிலை எந்தப் பங்கு?”

“பங்கில்லை அப்பா. அவையள் சைவம்.”

அடுத்த கிழமை வீட்டுக்கு வரப்போகிற சூசைதாசனுக்கு என்ன சொல்லுவது, மண்டபத்தில் சனம் என்ன கதைக்கும், சாமியார் என்ன சொல்லுவார், ஊரில் இருக்கும் தமக்கை என்ன எழுதுவாள், எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

இருபத்தெட்டு வருடமாக அவர் பேச்சுக்குத் தலையாட்டிய மெற்றில்டா அவருடைய கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“இஞ்சாருங்கோ, பேசாமல் நில்லுங்கோ. அவள் இன்னும் சொல்லி முடிக்கேல்லை.”