தலையாட்டும் நாயும் ஐந்து படிகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் காந்தி மார்க்கெட்டுக்கு என்று சொல்வேன். பொய்யில்லை, ஆனால் நான் போவது காய்கறி வாங்க அல்ல. மார்க்கெட்டை ஒட்டித் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஓடாத மிக்ஸி, கால் உடைந்த ஸ்டூல், எந்த டிவிக்கும் சேராத ரிமோட்டுகள். அவற்றுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் தேடுவது வேறு.

ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஷோகேஸிலும் இருந்து, இன்று எந்த வீட்டிலும் இடம் கிடைக்காத பொருள்கள்தான் எனக்கு வேண்டும். மணி கோத்துச் செய்த பச்சைக் கிளி. உள்ளே பல்பு எரியும் பிளாஸ்டிக் தாஜ்மகால். தூசி ஏறிய பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து. சோழி ஒட்டி, பெயின்ட்டில் 'ராமேஸ்வரம்' என்று எழுதிய முகம் பார்க்கும் கண்ணாடி. எவ்வளவுக்கெவ்வளவு அசிங்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எனக்குப் பிடிக்கும். நல்ல பொருளை விரும்ப ஊரே இருக்கிறது, அதற்கு நான் எதற்கு?

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், இரண்டாவது மாடியில் ஒரு வாடகை ஃபிளாட். கல்யாணம் கூடி வரவில்லை. ஐம்பதைத் தாண்டியபின் அதைப் பற்றிக் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். மணப்பாறைப் பக்கம் ஊரில் அண்ணன் விவசாயம் பார்க்கிறார். அண்ணி ஒருமுறை இங்கே வந்தபோது ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காயலாங்கடை வைக்கப் போறீங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு யாரும் வந்ததும் இல்லை.

அதுதான் என் குறை. ஒரு பொருள் அகப்பட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது இருக்கிற சந்தோஷம், வீட்டுக் கதவைத் திறந்ததும் வடிந்துவிடும். இதைப் பார், என்ன அநியாயம் இது என்று காட்டிச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் நாலு பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டில் என்னைக் கண்டுகொள்வது ஒரு நாய்தான். காரில் கண்ணாடிக்கு முன்னால் வைப்பார்களே, அந்தத் தலையாட்டும் பிளாஸ்டிக் நாய். கதவைச் சாத்துகிற அதிர்வில் அது தலையாட்டும். சில நாள் அதனிடம் 'வந்துட்டேன்' என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வெட்கமாகவும் இருந்திருக்கிறது.

போன புரட்டாசியில், சித்திரை வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நல்லதெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. முற்றத்து மூலையில் மடக்கி வைத்த ஓர் இரும்புச் சட்டம் மட்டும் சாய்ந்து கிடந்தது. பிரித்தால் ஐந்து படியாக நின்றது. இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பூந்தொட்டி ஸ்டாண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். துருவைக் காட்டிப் பேரம் பேசி எடுத்துக்கொண்டேன். விற்ற அம்மாள் அதன் மேல் கையை வைத்தபடி, "எடுத்துண்டு போங்கோ. நன்னா வைங்கோ" என்றார். பூந்தொட்டிக்கு இவ்வளவு உருக்கமா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் அதைப் பிரித்துப் போட்டேன். துரு தெரியாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியை மேலிருந்து கீழ்வரை விரித்தேன். என் சொத்துகளையெல்லாம் ஏற்றினேன். மேல் படியில் தாஜ்மகால், அதற்குக் கீழே கிளிகள், அன்னங்கள், ஐஸ்கிரீம் குச்சியில் செய்த வீடு, நடு மத்தியில் நாய். தாஜ்மகாலுக்கு பிளக்கைச் சொருகினேன். புழுக்கம் தாங்காமல் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எதிர் ஃபிளாட்டு மாமி அப்போதுதான் பட்டுப்புடவையும் கையில் குங்குமச் சிமிழுமாகப் படியிறங்கப் போனார். நான் குடிவந்த நாள் முதல் எங்களுக்குள் ஒரு புன்னகைக்கு மேல் போனதில்லை. என் வாசலில் நின்றார்.

"அடடா, கொலு வெச்சிருக்கேளா? சொல்லவே இல்லையே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நவராத்திரி முதல் நாள். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் கொலு வைக்கும் பழக்கம் கிடையாது. துணிக்கடை வாசல்களில் பெரிய மரப்படிகளில் பார்த்ததோடு சரி. தனி ஆண்பிள்ளையை யார் கொலுவுக்கு அழைக்கப் போகிறார்கள்? இரும்பில் மடக்குகிற படி உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இல்லைங்க, இது சும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் போய்விடுவார்.

"ஆமாங்க மாமி. உள்ள வாங்க" என்றேன்.

வந்தார். அவருக்குப் பின்னாலேயே, அவர் அழைக்கப் போன கீழ்வீட்டுப் பெண்ணும் சத்தம் கேட்டுத் தன் சின்ன மகளோடு ஏறி வந்துவிட்டாள். அந்தக் குழந்தை படிகளை மேலும் கீழும் பார்த்தது.

"அங்கிள், சாமி எங்க?"

ஐந்து படியிலும் ஒரு பிள்ளையார்கூட இல்லை. மாமி என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

"கொலுவுக்குப் பக்கத்துல பொம்மை பார்க் வைப்பாளே, மாமா கொலுவையே முழுக்க பார்க்கா வெச்சுட்டார்" என்றார் குழந்தையிடம். "அதனால என்ன, நாயும் பெருமாள் படைச்சதுதானே." பிறகு என்னிடம் திரும்பி, "தாம்பூலம் நான் கொண்டு வந்து குடுக்கறேன். சுண்டல் பண்ணத் தெரியுமோ?" என்றார்.

தெரியாது. அன்று அண்ணன் கொடுத்தனுப்பியிருந்த மணப்பாறை முறுக்குதான் பிரசாதம். மறுநாள் நான் செய்த கொண்டைக்கடலைச் சுண்டலை வாயில் போட்டுவிட்டுக் குழந்தை, "கல்லு" என்றது. மூன்றாம் நாளிலிருந்து மாமியே ஒரு தூக்கில் கொடுத்துவிட்டார். அவர் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையாரும் வந்து தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

செய்தி ஃபிளாட் முழுக்கப் பரவிவிட்டது. வேலையிலிருந்து வெள்ளனவே கிளம்பி வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பேன். பேர் தெரியாத பெண்களெல்லாம் வந்தார்கள். சிரித்தார்கள். நான் எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்த அதே சிரிப்பு. "இதை எங்கங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொன்றும் எந்தத் தார்ப்பாயில், எந்தப் பழைய டயருக்கு அடியில் கிடந்தது என்று நான் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள். கீழ்வீட்டுப் பெண் மணிக்கிளியைக் கையில் எடுத்து, "இதே மாதிரி எங்க அக்கா செஞ்சு வெச்சிருந்துச்சு அண்ணே. வீடு மாத்துறப்ப எங்கேயோ போயிடுச்சு" என்று கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அந்த நாட்களில் நான் நாயிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேரமில்லை.

விஜயதசமியன்று சாயங்காலம் மாமி தன் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டினார். "ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சுடுங்கோ. நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துக் கட்டி மேல வெச்சுடலாம். பிள்ளையாரையும் நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

"அப்படியே இருக்கட்டுமே மாமி" என்றேன்.

"அது முறையில்லை. வருஷம் பூரா இருந்தா அதுக்குப் பேர் ஷோகேஸ். ஷோகேஸைப் பாக்க யார் வருவா?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வெச்சா விடக் கூடாது. வருஷா வருஷம் வைக்கணும். ஒண்ணாவது புதுசா சேக்கணும்" என்றார்.

படுக்க வைக்க நாயைத்தான் எடுத்தேன். சாய்த்து வைத்ததும் தலை ஒரு பக்கமாக விழுந்து நின்றுவிட்டது.

மறுநாள் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிகளில் போட்டுப் பரணில் ஏற்றினேன். வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். நாயை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றேன். கொலுவில் இருந்தது கொலுவுக்குத்தான் வர வேண்டும், நடுவில் யாராவது பார்த்துவிட்டால் அடுத்த வருஷம் என்ன மதிப்பு? அதையும் சுற்றி மேலே வைத்தேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் ஹாலில் எதுவும் அசைவதில்லை.

மாடிப்படியில் எதிர்ப்பட்டால் மாமி "சௌக்கியமா?" என்கிறார். கீழ்வீட்டுப் பெண் "என்னண்ணே" என்கிறாள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் உள்ளே வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அது இப்போது பரணில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி அகப்பட்டது. பிளாஸ்டரில் செய்த வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும், ஒரே குடைக்குள். துரைக்கு மூக்கு இல்லை. துரைசாணியின் ரோஸ் பெயின்ட் கன்னத்தைத் தாண்டிக் காது வரைக்கும் போயிருக்கிறது. இவ்வளவு அவலட்சணமாக ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"வீட்ல பிள்ளைங்களுக்கா சார்?" என்று கடைக்காரர் பேப்பரில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கொலுவுக்குங்க."

"அதுக்கு இன்னும் எம்புட்டோ நாள் கிடக்கே."

"கிடக்குங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியைப் போட்டு ஏறி, பொட்டலத்தைப் பிரிக்காமலே பரணில் வைத்துவிட்டேன். பிரித்தால் யாரிடமாவது காட்டத் தோன்றும்.