வடக்கே ஆளில்லாத இடம்

ராயபுரத்தில் நாங்கள் துணி காயப்போட்டது வெயிலைப் பார்த்து அல்ல, காற்றைப் பார்த்து. காலையில் காற்று ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போகும். அப்போது கொடியில் போட்டதை, மதியம் கடல்காற்று திரும்புவதற்குள் எடுத்துவிட வேண்டும். துறைமுகத்தில் மலைமலையாகக் கொட்டி வைத்திருந்த நிலக்கரியின் தூள் அந்தக் காற்றோடு வந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். கொஞ்சம் அசந்தால் போச்சு, மறுபடி துவைக்க வேண்டியதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் நிம்மதியாக மதியத் தூக்கம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

தொல்லை துணியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கடல்காற்று எழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவளுக்கு வீசிங் தொடங்கிவிடும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். தூசியும் ஆகாது, புகையும் ஆகாது என்றார் டாக்டர். வெளியே கரித்தூள், வீட்டுக்குள் கிருஷ்ணாயில் ஸ்டவ் புகை. ஒண்ணரை அறை வீட்டில் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அவருக்கு மட்டும் என்ன தெரியும்.

என் கணவருக்குப் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடத்தில் வேலை. அங்கே ஏதோ கண்காட்சி நடந்ததென்று ஒருநாள் சூரிய அடுப்போடு வந்து நின்றார். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. மூடியின் உள்பக்கம் கண்ணாடி, அடியில் கறுப்புப் பூசிய நான்கு பாத்திரங்கள். நிலக்கரி, கிருஷ்ணாயில் எல்லாம் பூமிக்குள் தீர்ந்துகொண்டே வருகிறது, பேரன் பேத்தி காலத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது, இனிமேல் சூரியன்தான் என்று கண்காட்சிக்காரர் சொன்னாராம். அதை இவர் கவலையோடு என்னிடம் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீர்ந்து தொலையட்டும், இன்னும் சீக்கிரம் தீரட்டும் என்றேன்.

அடுப்பை மொட்டை மாடியில் வைத்தோம். அதற்கு உச்சி வெயில் வேண்டும். எங்கள் ஊரில் உச்சி வெயிலும் கடல்காற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகிறவை. பருப்பு வேகத் தொடங்குகிற சமயம் பார்த்து கண்ணாடி மேல் கரித்தூள் படியும். ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருப்பேன். அப்படியும் பருப்பு அரைவேக்காட்டில் நிற்கும். கீழே இறக்கிவந்து ஸ்டவ்விலேயே வேகவைப்பேன், பிள்ளை இருமும். சூரியனுக்கே கரி பூசிவிட்டார்கள் என்று பக்கத்து மாடிப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்போதுதான் எங்கள் தெருவில் கரிக்கு எதிராக மனு கொடுப்பதென்று முடிவானது. நான் நர்சரிப் பள்ளியில் டீச்சர், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. தெருவிலிருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழந்தைகளின் மூச்சுத்திணறல், குடிதண்ணீர் மேல் மிதக்கும் கறுப்பு, எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில், நிலக்கரியை வடக்கே ஆளில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

பேனா நின்றது. எண்ணூருக்கு அந்தப்பக்கம் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். வடக்கே என்றால் அதுதான். என் கூடப்பிறந்த ஒரே அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது எண்ணூரை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில். மாமா அங்கே கழிமுகத்தில் வலை போடுகிறவர். என்னம்மா யோசனை என்றார் குமாஸ்தா. பாயில் என் மகள் படுத்திருந்தாள், அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அக்காவுக்கு இது தெரியக் கூடாது என்பது மட்டும்தான் அதன்பின் என் கவலையாக இருந்தது.

எங்கள் மனுவால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். அவர்கள் கணக்கு அவர்களுக்கு முன்பே இருந்திருக்கும். ஆனால் அந்தப்பக்க மின்நிலையங்களுக்குப் போகிற நிலக்கரி புதுத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. எங்களுக்கு வருகிற தூள் அடியோடு நிற்கவில்லை, நன்றாகக் குறைந்தது. தெருவில் கேசரி கிளறிக் கொடுத்தோம். சூரிய அடுப்பில் சோறு பொலபொலவென்று வெந்தது. மகளுக்கு மாதத்தில் ஒருமுறை மூச்சு இளைத்தால் அதிகம். அவள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடியதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அரிசிக்கு மட்டும்தான் சூரியன். மகள் தூங்க ஓடிய ஃபேன், அவள் படிக்க எரிந்த ட்யூப்லைட், எல்லாம் அந்தப்பக்கம் எரிந்த கரியில்தான். கரியே வேண்டாம் என்று நாங்கள் யாரும் எழுதவில்லை. எங்கள் கண்ணில் படாத இடத்தில் எரியட்டும் என்றுதான் எழுதியிருந்தோம்.

நெட்டுக்குப்பத்துக்குப் போனால் முதலில் கழிமுகத்தைத்தான் பார்ப்பேன். மின்நிலையச் சாம்பல் கரைந்த அந்தத் தண்ணீர் முன்பே பால் கலக்காத டீ மாதிரி இருக்கும், இப்போது இன்னும் கறுத்திருந்தது. மாமாவின் வலையில் இறாலைவிடச் சேறுதான் அதிகம் ஏறியது. கிடைத்த கொஞ்ச இறாலையும் அக்கா மூன்று தண்ணீரில் அலசித்தான் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போவாள். ஒருமுறை, வாடைக்காற்று புதுத் துறைமுகத்தின் தூளைக் கொண்டுவருகிற மாதங்களில் துணியை எப்போது போட்டு எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசும்போது நடுநடுவே இருமினாள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை போனபோது, எனக்காகவே வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கி வைத்திருந்தாள்.

"உங்க தெருவுல மனு எழுதிதான் கரிய தொரத்துனீங்களாமே. எங்க குப்பத்துக்கும் ஒண்ணு எழுதிக் குடுமே. உங்கையெழுத்துக்கு நல்ல ராசி கீது."

தாளைக் கையில் வாங்கினேன். ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ராசியான கை என்று அவள் சொன்ன பிறகு முடியவில்லை. அந்த மனுவில் கரியை வடக்கே ஆளில்லாத இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியதும் இந்தக் கைதான் என்று சொல்லிவிட்டேன். அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எழுதும்போது என் நெனப்பு வந்துச்சா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மன்னித்திருப்பாள். அவளைப் பற்றி எனக்கு அது தெரியும். ஆனால் பொய் வாயில் வரவில்லை.

"வந்துச்சுக்கா."

"வந்துமா எழுதுன?"

பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது என்றேன். என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ முறை ஓடியவள் அவள், அவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுது. மூடிவெக்கச் சொல்லு, தண்ணி தெளிக்கச் சொல்லு, கொறைக்கச் சொல்லு. எங்க தூக்கினு போணும்னு மட்டும் எழுதாத. அங்கயும் எவளாவது குடும்பம் நடத்திக்கினுதான் இருப்பா."

அப்படியே எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டு, குப்பத்தில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் இறால் தொக்கு கொதித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் திரும்பியது கிடையாது, வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். அன்று அவள் சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. பஸ் வருகிற நேரம், இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்றாள்.