பண்டாரவளைக்கு அனுப்பிய அடி

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் பதுளையில் ஒரு கணினி வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். என்னோடு டிப்ளோமா படித்த தோழி பண்டாரவளையில், தன் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு இன்டர்நெட் கடை நடத்தினாள். அவள் அங்கேயும் நான் இங்கேயும் இருந்து விளையாடக்கூடிய கரம் போர்ட் ஆட்டம் ஒன்றைச் செய்ய இருவரும் முடிவெடுத்தோம்.

காய்கள் உருள்வதையும் குழியில் விழுவதையும் எழுதிவிட்டோம். ஒரு கணினியில் அடித்த அடியை மற்றக் கணினிக்குக் கொண்டுபோவதுதான் எங்களுக்கு வரவில்லை. அதற்கென்றே வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதி இலவசமாக இணையத்தில் போட்டிருந்த லைப்ரரி கிடைத்தது. ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு அது. செய்தியை நாம் கொடுத்தால் போதும், எதிர்முனையில் சேர்ப்பதை அது பார்த்துக்கொள்ளும்.

வகுப்பறையில் இரண்டு கணினிகளுக்கிடையே ஆட்டம் நன்றாக ஓடியது. தொலைபேசி லைன் வழியாகப் பண்டாரவளையோடு விளையாடியபோது ஐந்தாறு அடியில் நின்றுவிட்டது. கைத்தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டேன்.

"இங்க உன் முறைன்னு காட்டுது. ஏன் அடிக்காம இருக்க?"

"இங்க உன் முறைன்னுதான் காட்டுது."

மழை நாளில் இன்னும் மோசம். விட்டுவிடலாம் என்றேன்.

"லைன மாத்த நம்மளால ஏலாது. புரோகிராம மாத்தலாம்தானே" என்றாள் அவள்.

லைப்ரரியின் நிரலை அச்சிட்டு, பஸ்ஸில் போகவர வாசித்தேன். மூன்றாவது வாரம்தான் விஷயம் பிடிபட்டது. பதில் சற்றுத் தாமதித்தால் அது அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்பியது. முதல் செய்தியே இன்னும் போய்ச் சேராத எங்கள் லைனில் அதன் பிரதிகள் வரிசைகட்டி நின்றன. அடுத்த அடி அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொண்டது.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, அகராதி பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதி, அந்த மாற்றத்தை லைப்ரரியை எழுதியவருக்கு அனுப்பினேன். ஏற்க முடியாது என்று பதில் வந்தது. வேகமான இணைப்புள்ளவர்களுக்கு இதனால் ஆட்டம் மந்தமாகிவிடுமாம். வெட்கத்தில் இரண்டு நாள் தோழியிடம் சொல்லவே இல்லை. சொன்னபோது அவள் அவருடைய பதிலை நிதானமாக வாசித்தாள்.

"ஏன் ஏலாதுன்னு இவ்வளவு எழுதியிருக்காரே. எல்லாருக்கும் ஒரே நேரம் எதுக்கு? பதில் வர எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு லைப்ரரியே அளந்து பாக்கட்டும்."

அப்படியே மாற்றினோம். அவள் மழையிலும் வெயிலிலும் லைனை அளந்து குறித்துத் தந்தாள், நான் எழுதினேன்.

ஒரு ஞாயிறு மதியம் வகுப்பறையில் என் அம்மாவையும் அந்தப் பக்கம் அவளுடைய உம்மாவையும் உட்காரவைத்தோம். கொழுந்து பறித்துக் கறைபட்ட விரல்களை மவுஸின் மேல் வைக்க அம்மா தயங்கினார்.

"எதிர்ல ஆளே இல்லியே புள்ள, யாரோட வெளையாடுறது?"

"பண்டாரவளையில இருக்காங்கம்மா. நீங்க அடிங்க."

பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கள் தாமதித்து நகர்ந்தன, ஆனால் நிற்கவில்லை. அம்மா தோற்றுப்போனார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவங்கள இன்னொரு ஆட்டத்துக்கு வரச் சொல்லு" என்றார்.

புதிய மாற்றத்தை அனுப்பினோம். இந்த முறை லைப்ரரியை எழுதியவர் ஏற்றுக்கொண்டார். லைப்ரரியின் அடுத்த பதிப்பில் எங்கள் இருவர் பெயரும் ஊர்களும் இருந்தன. அச்சிட்டுத் தோழிக்குக் கொண்டுபோனேன். அவளுடைய வாப்பா கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

சில மாதங்களில் லைப்ரரிக்காரரே எங்களுக்கு எழுதினார். அறுந்த இணைப்பு மறுபடி வந்ததும் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வைக்க வேண்டும், நீங்கள் இருவரும் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். எப்படிச் செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பார்க்கிறோம் என்று அன்றைக்கே பதில் போட்டோம்.